குன்னூர் மழையில் நிலவு தெரியாவிட்டால் கர்வா சௌத் விரதத்தை எப்படி முடிப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் ஊர் குன்னூர். கணவர் பஞ்சாப்காரர், வெலிங்டனில் ராணுவப் பணி. கணவரின் ஆயுளுக்காக வடக்கே பெண்கள் இருக்கும் கர்வா சௌத் விரதம், கல்யாணமாகி உங்களுக்கு இதுதான் முதல். லூதியானாவில் இருக்கும் மாமியார், விடிவதற்கு முன் சாப்பிட்டுவிட்டு, நிலவைப் பார்க்கும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார். உங்கள் அம்மா, நம் வீட்டில் இல்லாத வழக்கத்தை ஏன் தொடங்குகிறாய் என்கிறார். நீங்கள் தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள். இங்கே ஐப்பசி மழையில் நிலவு தெரிவதே சந்தேகம், தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "ஏதாவது தப்பாகிவிட்டால் அவருக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றும் ஆகாது. நீங்கள் குடிக்கும் ஒரு வாய்த் தண்ணீரில் உங்கள் கணவருடைய ஆயுள் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

இந்த மலையில் டயட்டீஷியனாகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. நாடு பிரிந்தபோது குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்த ராணுவ ஸ்டாஃப் காலேஜும் 1947இலிருந்து அங்கேதான். ஆகவே பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பெண்கள் வருஷா வருஷம் புதிதாக இங்கே வந்து குடியேறுவார்கள். புரட்டாசி முடியும் நேரத்தில் அவர்களில் யாராவது, "எனக்கு சர்க்கரை இருக்கிறது, விரதம் இருக்கலாமா" என்றோ, "நான் மாசமாக இருக்கிறேன்" என்றோ வந்து உட்காருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த விரதத்தைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். என் வீட்டில் காரடையான் நோன்பும் கேதார கௌரி நோன்பும் உண்டு. இரண்டையும் இன்றுவரை மனதோடு செய்கிறேன். விரதமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், அன்று மாலை படிக்கிற கதையிலிருந்து. ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை வீராவதி. தாய் வீட்டில் இருந்து முதல் கர்வா சௌத் விரதம் இருக்கிறாள். தாகத்தில் வாடுகிற தங்கையைப் பார்க்க முடியாமல், அண்ணன்கள் மரத்துக்குப் பின்னால் நெருப்பை மூட்டி, அந்த வெளிச்சத்தைக் காட்டி நிலவு வந்துவிட்டது என்கிறார்கள். அவள் நம்பிச் சாப்பிடுகிறாள், கணவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. பெரும்பாலும் கதையை இந்த இடம்வரைதான் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கதை அதோடு முடியவில்லை. அவள் ஒரு வருஷம் மாதா மாதம் சதுர்த்தி விரதம் இருந்து, அடுத்த கர்வா சௌத்தில் கணவனை உயிரோடு திரும்பப் பெறுகிறாள். ஊருக்கு ஊர் இந்தப் பின்பாதி மாறும். சில ஊரில் பார்வதி வந்து உதவுவாள், சில ஊரில் இந்திராணி. ஆனால் தவறிப்போன விரதத்தைச் சரிசெய்துகொள்ள வழி உண்டு என்பதில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். தவறினால் எல்லாம் போய்விடும் என்று சொல்வதற்காக ஏற்பட்ட கதையாக இருந்தால், அந்தப் பின்பாதிக்கு வேலையே இல்லையே.

அடுத்தது தண்ணீர். இதில் எது பொது விதி, எது வீட்டு வழக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மகாபாரதத்து உத்தியோக பர்வத்தில் விதுரர் சொல்லும் நீதிகளில் ஒரு சுலோகம் இருக்கிறது. விரதத்தைக் கெடுக்காத எட்டைப் பட்டியல் போடுகிறார்: தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ் (வேள்வியில் இடும் உணவு), அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து. விரதங்களைப் பற்றிப் பேசும் பிற்கால நூல்களும் இந்தச் சுலோகத்தை எடுத்தாளுகின்றன. அதாவது தண்ணீர் குடித்தால் விரதம் முறியாது, மருந்து சாப்பிட்டாலும் முறியாது என்பதுதான் பொதுவான நிலை. நீரும் அருந்தாமல் இருப்பதைச் சில விரதங்களுக்குத் தனியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கர்வா சௌத்தில் வடக்கே பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் மாமியார் சொல்வது அவர்கள் ஊர் வழக்கம். ஆனால் அதே வடக்கில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் உடம்புக்கு முடியாதவர்களும் தண்ணீர், பால், பழம் எடுத்துக்கொண்டு இருப்பதும் வழக்கம்தான். மாமியாரின் மாமியாரே அப்படி இருந்திருப்பார், கேட்டுப் பாருங்கள். வெலிங்டன் பெண்களிடம் நான் இதைக் கேட்கச் சொல்வேன். போன் போட்டுப் பேசிவிட்டு, "ஆமாம், பாட்டி டீ குடிப்பாராம்" என்று சிரித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

உங்கள் உடம்பைப் பொறுத்தவரை, தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விரத நாளில் விடியலுக்கு முன் சாப்பிடுவதற்கு சர்கி என்று பெயர். அதை நாலரை மணிக்குச் சாப்பிடுவதாக இருந்தால், மூன்றே முக்காலுக்கு எழுந்து மாத்திரையைப் போட்டுவிடுங்கள். அவ்வளவுதான், இதற்காக மாத்திரையை விட வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ சேர்த்து எடுப்பவராக இருந்தால் அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். அவற்றை இரவுக்குத் தள்ளிவிடலாம். மாத்திரையின் அளவை மாற்றுவது என் வேலை இல்லை, அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதைப் பற்றி என் கருத்து: ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் நல்லதும் இல்லை. நம் ஊர்க் குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது. அதை நம்பி, மாடிப்படி ஏறி இறங்கி, துணி துவைத்து வேலை செய்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது வேறு கதை. அவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், மருத்துவரைக் கேட்காமல் இருக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்குத் தண்ணீர் இல்லாத விரதம் வேண்டாம் என்று நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். உங்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலும் இதே பதில்தான்.

சரி, நிலவுக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. பௌர்ணமிக்கு அடுத்து வரும் தேய்பிறைச் சதுர்த்தியில் இந்த விரதம் வருகிறது. வடக்கே பௌர்ணமியோடு மாதத்தை முடிப்பதால் அவர்கள் அதைக் கார்த்திகை மாதச் சதுர்த்தி என்பார்கள். நம் கணக்கில் அது புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ விழும். 2023இல் நவம்பர் 1, 2024இல் அக்டோபர் 20, 2025இல் அக்டோபர் 10. பஞ்சாபில் அது மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற நேரம். கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டும் என்றால், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசியில்தான் கொட்டும். பஞ்சாப் பக்கத்து மனிதர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், இரவு முழுக்க வெளியே எட்டிப் பார்த்தால் தெரியும் என்பார்கள். எங்கே தெரிகிறது, மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறதே.

இன்னொரு விஷயமும் உண்டு. டெல்லியும் குன்னூரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, லூதியானாவும் அதிகம் விலகி இல்லை. அப்படியானால் நிலவு ஒரே நேரத்தில் உதிக்கும் என்று தோன்றும். அப்படி உதிக்காது. அந்தச் சதுர்த்தியில் நிலவு ரிஷப ராசிப் பக்கம், வானத்தின் வடபாதியில் இருக்கும். அதனால் வடக்கே இருப்பவர்களுக்கு முன்னால் எழும், நமக்குப் பின்னால் எழும். இந்த வித்தியாசம் வருஷத்துக்கு வருஷம் மாறும், இருபது நிமிஷத்திலிருந்து முக்கால் மணிவரை இருக்கலாம். ஆக, அங்கே மாமியார் தண்ணீர் குடித்துவிட்டு "நிலா வந்தாச்சு" என்று போன் செய்யும்போது, இங்கே மேகமே இல்லாவிட்டாலும் நிலவு இருக்காது. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் சந்திரோதய நேரமும் தட்டையான அடிவானத்துக்கு உரியது. வெலிங்டன் பள்ளத்தில் கிழக்கு மேட்டைத் தாண்டி நிலவு தலைகாட்ட இன்னும் நேரம் பிடிக்கும். டெல்லி நேரத்தைப் பார்த்துக்கொண்டு, "எட்டே கால் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லையே" என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். பாவம், காரணம் தெரியாமல் தன் விரதத்தில் ஏதோ குறை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் எப்படி முடிப்பது? நம்மிடம் இதற்குப் பழகிய வழி இருக்கிறது. மாதா மாதம் சங்கடஹர சதுர்த்தி இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களும் நிலவு உதித்த பிறகுதான் சாப்பிட வேண்டும். மேகம் மூடியிருந்தால் தங்கள் ஊருக்குரிய சந்திரோதய நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அந்த நேரம் கடந்ததும் கிழக்கே பார்த்து நீர் விட்டு வணங்கிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். இரண்டு விரதத்துக்கும் நாள் குறிக்கும் விதியும் ஒன்றுதான்: நிலவு உதிக்கும் நேரத்தில் சதுர்த்தி திதி இருக்க வேண்டும். நிலவின் உதயம்தான் கணக்கு, கண்ணில் படுவது அதன் சந்தோஷம். மழை பெய்தால் உதயம் நின்றுவிடுவதில்லை. ஆகவே குன்னூர் நேரத்தை முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கால் மணி நேரம் காத்திருங்கள். தெரிந்தால் அவர்கள் வழக்கப்படி சல்லடை வழியாகப் பாருங்கள். தெரியாவிட்டால் கிழக்குப் பார்த்து அர்க்கியமாக நீர் விடுங்கள், கணவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். வடக்கேயே மேகமூட்டமான வருஷத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். சிலர் வீடியோ காலில் மாமியார் வீட்டு நிலவைப் பார்த்து முடிக்கிறார்கள். நம் ஊர் உதயத்துக்குக் காத்திருப்பதே முறை என்பது என் எண்ணம். ஆனால் உங்களுக்குத் தலை சுற்றினால், அந்தப் போன் வந்த நிமிஷத்திலேயே குடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். நிலவைத் தேடிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள்ளோ, மேட்டுப் பாதையிலோ இரவில் போகாதீர்கள். எட்டு மணிக்கு மேல் காட்டுமாடுகள் ரோட்டில் நிற்கும் ஊர் இது, கரடியும் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். காலையிலிருந்து சாப்பிடாத உடம்போடு, கையில் தட்டும் விளக்குமாகப் போகிற இடம் இல்லை அது. புதிதாக வந்த வடக்கத்திப் பெண்களுக்கு இது தெரியாது, அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அம்மா. அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் "நம் வழக்கத்தில் இல்லை" என்பது பாதிதான் சரி. அந்த நாளே நம் சங்கடஹர சதுர்த்தி, பிள்ளையாருக்கு உரிய நாள். கர்வா சௌத்தில் அவர்கள் வணங்குவதும் சிவன், பார்வதி, பிள்ளையார், முருகன், அப்புறம் சந்திரன். இதைச் சொன்னால் அம்மா பாதி இறங்கி வந்துவிடுவார். காரடையான் நோன்பின் சாவித்திரி கதையை எடுத்துக்கொண்டால், நாம் மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காராமணி போட்ட அடையும் உருகாத வெண்ணெயும் வைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறோம். உத்தரப் பிரதேசம், பீகாரில் அதே சாவித்திரிக்காக வைகாசி அமாவாசையை ஒட்டி ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டுகிறார்கள். கூடலூர்ப் பக்கத்து மலையாளப் பெண்கள் மார்கழித் திருவாதிரைக்கு அரிசிச் சோற்றை விட்டு விரதம் இருக்கிறார்கள். ஊர் மாறுகிறது, மாதம் மாறுகிறது, பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது மாறவில்லை.

இவற்றில் கேதார கௌரியை நான் உயர்வாக நினைக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பிருங்கி முனிவர் அம்மையை விட்டுவிட்டு சிவனை மட்டும் வலம்வருகிறார். இருவரும் நெருங்கி உட்கார்ந்தால்கூட வண்டாகி இடையே துளைத்துக்கொண்டு போய் சிவனை மட்டும் சுற்றுகிறார். அம்மை கோபித்துக் கொண்டு பூமிக்கு வந்து, கௌதமர் சொன்னபடி விரதம் இருந்து, சிவனுடைய உடம்பில் பாதியைப் பெறுகிறாள். நம் மலைக்குக் கீழே திருச்செங்கோட்டில் அந்த மாதொருபாகன் வடிவமே மூலவர். கணவனுக்கு ஆயுள் கொடு என்று கேட்கும் விரதங்களுக்கு நடுவே, எனக்குச் சரிபாதி கொடு என்று கேட்ட விரதம் இது. புரட்டாசி வளர்பிறைத் தசமியில் தொடங்கி, தீபாவளி அமாவாசைவரை 21 நாள். 21 இழை நோன்புக் கயிறு, 21 அதிரசம். பெரும்பாலான வீடுகளில் கடைசி நாள் மட்டும் செய்கிறார்கள், இலங்கைத் தமிழர்கள் கோயிலில் 21 நாளும் செய்கிறார்கள். உங்கள் கர்வா சௌத் இந்த 21 நாளுக்கு நடுவில்தான் விழுகிறது, அது முடிந்து பத்துப் பதினோரு நாளில் நம் நோன்பு. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சதுர்த்திக்கு அவங்க வீட்டு முறை, அமாவாசைக்கு உன்னோடு வந்து கயிறு கட்டிக்கிறேன்." ஒன்றைச் செய்தால் மற்றதை விட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

கர்வா சௌத் எப்படித் தோன்றியது என்பதற்கு நிறையக் கதைகள் உலவுகின்றன. படைக்குப் போன கணவர்களுக்காகப் பெண்கள் தொடங்கினார்கள் என்பார்கள், ராணுவக் குடியிருப்பில் இதைக் கேட்க நன்றாகவே இருக்கும். கோதுமை விதைக்கும் காலத்தோடும், தானியம் போட்டு வைக்கும் மண்பானையோடும் சேர்த்துச் சொல்வார்கள். இவை ஊகங்கள், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, பழைய சாத்திர நூல்களில் கரக சதுர்த்தி என்ற பெயரில் இந்த விரதம் இருக்கிறது, கலயத்தில் நீர் வைத்துத் தானம் செய்வது அதில் உண்டு என்பதுதான். சல்லடை வழியாக முதலில் நிலவு, அப்புறம் கணவர் முகம் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதற்கு இந்தி சினிமாவும் சீரியலும் முக்கியக் காரணம். வடக்கேயே எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி செய்வதில்லை. உங்கள் மாமியார் வீட்டு முறை என்ன என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடமோ யூடியூபிலோ கேட்க வேண்டாம்.

சர்கியை மாமியார் கையால் கொடுப்பது பஞ்சாப் வழக்கம். அவர் தூரத்தில் இருப்பதால் பணமோ பார்சலோ அனுப்புவார், இல்லாவிட்டால் நீங்களே செய்துகொள்ளுங்கள். அவர்கள் பாலில் ஃபேனி போடுவார்கள், நம் சேமியா போதும். சர்க்கரையைக் குறைத்து, கைநிறைய பாதாமோ வேர்க்கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சப்பாத்தி, பனீரோ தயிரோ, ஒரு வாழைப்பழம், தேங்காய்க் கீற்று. உப்பும் இனிப்பும் அதிகம் வேண்டாம், இரண்டும் தாகத்தைக் கூட்டும். மட்ரி என்ற வடக்கத்தி உப்புப் பிஸ்கட்டுக்குப் பதிலாக நம் ஊர் வர்க்கி வைக்கிறார்கள் இங்கே சிலர். ஒன்றிரண்டு போதும், அது முழுக்க எண்ணெயும் மைதாவும். கர்வாவுக்குச் சின்ன மண்கலயம் மார்க்கெட்டில் அகல் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். பகலில் தைப்பது, கத்தரிக்கோல் பிடிப்பது, பின்னல் போடுவது கூடாது என்பார்கள். ஸ்வெட்டர் பின்னுகிற கை உங்களுக்கு இருந்தால் அன்று அதற்கு ஓய்வு. இரவில் முடிக்கும்போது முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் ஒரு பழம், கால் மணி கழித்துச் சாப்பாடு. வெறும் வயிற்றில் டீ வேண்டாம், பூரியும் வேண்டாம். நடுராத்திரியில் நெஞ்செரிச்சல் என்று வந்தவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டையும்தான் செய்திருப்பார்கள்.

தொடங்கினால் ஆயுள் முழுக்கச் செய்தாக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வி உங்களுக்கு வரும். பலர் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள். முடியாதவர்களுக்கு உத்யாபன் என்று ஒரு முடிக்கும் சடங்கு இருக்கிறது, 13 சுமங்கலிகளுக்கு உணவு கொடுத்து நிறைவு செய்கிறார்கள். கர்ப்பம், நோய் என்று ஒரு வருஷம் இருக்க முடியாமல் போனால், அந்த வருஷம் பூஜையும் கதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சில வீடுகளில் கணவரே அந்த விரதத்தை எடுத்துக்கொள்கிறார், மனைவியோடு சேர்ந்து இருக்கும் கணவர்களையும் வெலிங்டனில் பார்த்திருக்கிறேன்.

மாமியாரிடம் பேசுவதை விரதத்துக்கு முந்தின நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். "மம்மிஜி, விரதம் இருக்கிறேன், மாத்திரை இருப்பதால் தண்ணீர் மட்டும் குடித்துக்கொள்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். முடியுமானால் அந்தப் பேச்சை உங்கள் கணவர் முதலில் ஆரம்பிக்கட்டும், அவருக்காகத்தானே இந்த விரதம். அவர் அன்று டியூட்டியில் இருந்து வர நேரமானால், நிலவு நேரம் கடந்ததும் நீங்களே தண்ணீர் குடித்துவிடலாம், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி இல்லை. தைராய்டு தவிர வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அன்றைய சாப்பாட்டு நேரத்தை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன்.